ஜோடி மாறினால் மட்டும் வினையாகிவிடுமா? வேதியியல் கேள்வி பதில்

சிங்கப்பூரின் உயர்நிலை 3, 4 மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை இம்மாதம் சேர்த்து எடுத்துக்கொண்டோம். விடைகளில் குறியீடுகளுக்குப் பதிலாகச் சேர்மங்களின் பெயர்களையே எழுதியிருக்கிறோம். தேர்வுத்தாளில் குறியீட்டில்தான் எழுத வேண்டும். அந்த வேலை மாணவர்களுடையது.

கேள்வி: சென்னையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் 'இரட்டை இடப்பெயர்ச்சி வினை' என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். இங்கே உயர்நிலை 3 படிக்கும் என் மகளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. நம் பள்ளிகளில் இதைச் சொல்லித் தருவதில்லையா?
(ஒரு தாய், புக்கிட் பாத்தோக்)

பதில்: சொல்லித் தருகிறார்கள், வேறு பெயர்களில். இந்தியப் பாடநூல்கள் வினைகளை அவற்றின் வடிவத்தை வைத்துப் பிரிக்கின்றன: சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி. இங்குள்ள பாடத்திட்டத்தில் அதே வினைகள் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அமிலமும் காரமும் வரும் பாடத்தில் நடுநிலையாக்கல். உப்புத் தயாரிப்பில் வீழ்படிவு முறை (கரைசலிலிருந்து கரையாத திடப்பொருளாகப் பிரிந்து படிவதுதான் வீழ்படிவு). ஒரு மாதிரியில் என்னென்ன அயனிகள் இருக்கின்றன என்று கண்டறியும், பிள்ளைகள் 'கியூஏ' என்று சொல்லும் பண்பறி பகுப்பாய்வில் ஏறக்குறைய முக்கால்வாசிச் சோதனைகள். உங்கள் மகளிடம் "சில்வர் நைட்ரேட்டில் உப்புக் கரைசலை விட்டால் என்ன வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளை வீழ்படிவு" என்பாள். அதுதான் இது.

சில்வர் நைட்ரேட் + சோடியம் குளோரைடு → சில்வர் குளோரைடு (வீழ்படிவு) + சோடியம் நைட்ரேட்

இரண்டு சேர்மங்கள், ஒவ்வொன்றிலும் நேர் மின்னூட்டமுள்ள ஒரு நேர் அயனி, எதிர் மின்னூட்டமுள்ள ஓர் எதிர் அயனி. நேர் அயனிகள் தங்கள் துணையை மாற்றிக்கொள்கின்றன. வெறும் 'இடப்பெயர்ச்சி' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காப்பர் சல்பேட் கரைசலில் ஜிங்க் துண்டைப் போட்டால் ஜிங்க் கரைந்து காப்பர் வெளியே வருகிறது. அங்கே ஒரு தனிமம் தனியாக உள்ளே போகிறது, இன்னொன்று தனியாக வெளியே வருகிறது, எலக்ட்ரான் கைமாறுகிறது. இரட்டை இடப்பெயர்ச்சியில் எலக்ட்ரான் எதுவும் கைமாறுவதில்லை. சில்வர் முதலிலும் 1+, முடிவிலும் 1+. சமன்பாட்டின் எந்தப் பக்கத்திலாவது ஒரு தனிமம் தனித்து நின்றால் அது இரட்டை இடப்பெயர்ச்சி அல்ல. வேகமாகச் சரிபார்க்க இது போதும்.

அக்கா மகன் பெயரைச் சொல்வான், உங்கள் மகள் குழாயில் என்ன தெரியும் என்பதைச் சொல்வாள். விடுமுறையில் இருவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள்.

கேள்வி: சோடியம் நைட்ரேட் கரைசலையும் பொட்டாசியம் குளோரைடு கரைசலையும் கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, 'சோடியம் குளோரைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் உருவாகும்' என்று சமன்பாடு எழுதினேன். சமன்பாடு சரியாகச் சமன் செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் ஆசிரியர் குறுக்கே கோடு போட்டு, 'வினை இல்லை' என்று எழுதிவிட்டார். ஏன்?
(உயர்நிலை 3 மாணவர், ஈசூன்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. 'ஜோடி மாறுதல்' என்ற படத்தை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் இந்தத் தவறு வந்தே தீரும்.

சோடியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் போட்ட நிமிடமே அது 'சோடியம் நைட்ரேட்' ஆக இருப்பதில்லை. சோடியம் அயனிகள் ஒரு பக்கம், நைட்ரேட் அயனிகள் ஒரு பக்கம், ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்க, தனித்தனியாகத் திரிகின்றன. பொட்டாசியம் குளோரைடும் அப்படியே. இரண்டையும் கலந்தால் பாத்திரத்தில் நான்கு வகை அயனிகள். கலக்கும் முன்பும் இதே நான்கு, கலந்த பின்பும் இதே நான்கு. யாரும் யாரோடும் ஜோடியாக இல்லாதபோது ஜோடி மாறியது என்று எப்படிச் சொல்வது? சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் அதே மோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) அளவில் கலந்திருந்தாலும் இதே கரைசல்தான் கிடைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தச் சோதனையாலும் வேறுபாடு காட்ட முடியாது.

அப்படியானால் வினை எப்போது நடக்கிறது? அயனிகளில் ஏதாவது இரண்டு, திரிவதை விட்டுவிட்டுக் கரைசலிலிருந்து விலகிப் போகும்போது. அவை விலக மூன்று வழிகள் உண்டு. கரையாத திடப்பொருளாகி அடியில் படியலாம். வாயுவாகி மேலே போகலாம். அல்லது தண்ணீர் போன்ற, எளிதில் அயனியாகப் பிரியாத மூலக்கூறாக மாறிக் கரைசலுக்குள்ளேயே அடங்கலாம். சமன்பாட்டை எழுதும் முன் விளைபொருள்கள் இரண்டையும் பார்த்து, 'இவற்றில் எது கரைசலை விட்டு விலகும்?' என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

இதற்குக் கரைதிறன் விதிகள் மனப்பாடமாக வேண்டும். செய்முறைத் தேர்வுத் தாளின் கடைசியில் தரும் பகுப்பாய்வுக் குறிப்பு இந்த இடத்தில் உதவாது. நீண்ட பட்டியல் தேவையில்லை, இந்த வரிசையில் மனத்தில் ஏற்றுங்கள். சோடியம், பொட்டாசியம், அமோனியம் உப்புகள் எல்லாம் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். குளோரைடுகளில் சில்வரும் காரீயமும் மட்டும் கரையாதவை. சல்பேட்டுகளில் பேரியம், காரீயம், கால்சியம் மூன்றும் விதிவிலக்கு. கார்பனேட்டுகளும் ஹைட்ராக்சைடுகளும் நேர்மாறு: முதலில் சொன்ன சோடியம், பொட்டாசியம், அமோனியம் தவிர மற்றவை கரையாது, கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும் கொஞ்சம் கரையும், அதுதான் சுண்ணாம்பு நீர்.

'கரையாது' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் பேரியம் சல்பேட் 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். சில்வர் குளோரைடு ஏறக்குறைய 2 மில்லிகிராம். கால்சியம் சல்பேட்டோ 2 கிராம் அளவுக்குக் கரைகிறது. மூன்றுமே பாடப்புத்தகத்தில் 'கரையாதவை' அல்லது 'அரிதில் கரைபவை' என்ற பக்கத்தில் இருந்தாலும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. நீர்த்த கால்சியம் குளோரைடையும் நீர்த்த சோடியம் சல்பேட்டையும் கலந்தபோது வெள்ளை எதுவும் வரவில்லை என்று சில மாணவர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான். கரைசல் செறிவாக இல்லாவிட்டால் அது கரைந்தே இருந்துவிடும்.

ஒரு துணுக்கு. நீங்கள் எழுதிய அதே 'நடக்காத' வினையை வைத்து ஒரு காலத்தில் தொழிற்சாலைகளில் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தயாரித்தார்கள். நான்கு அயனிகளும் உள்ள செறிவான கரைசலைக் கொதிக்க வைத்து வற்றச் செய்தால் முதலில் சோடியம் குளோரைடுதான் படிகமாகிறது. 100 கிராம் தண்ணீரில் அது 20 டிகிரி செல்சியஸில் 36 கிராம் கரையும், கொதிநிலையிலும் 39 கிராம்தான். பொட்டாசியம் நைட்ரேட்டோ 20 டிகிரியில் 32 கிராமே கரையும், கொதிநிலையில் 240 கிராமுக்கு மேல். ஆகவே சூட்டிலேயே சோடியம் குளோரைடை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆறவிட்டால் பொட்டாசியம் நைட்ரேட் படிகமாகும். இங்கேயும் ஒன்று கரைசலை விட்டு விலகியதால்தான் காரியம் நடந்தது. தேர்வில் இதை எழுதி வாதாட வேண்டாம். அங்கே கேட்பது அறை வெப்பநிலையில் நீர்த்த கரைசல்.

கேள்வி: அலுமினியம் சல்பேட்டையும் பேரியம் குளோரைடையும் சேர்க்கும் சமன்பாட்டில் என் மகன் ஒவ்வொரு முறையும் அலுமினியத்தோடு இரண்டு குளோரைடு போட்டுத் தவறு செய்கிறான். எப்படிப் புரிய வைப்பது?
(ஒரு தந்தை, தெம்பனிஸ்)

பதில்: பேரியம் குளோரைடில் குளோரைடு இரண்டு இருப்பதைப் பார்த்து, 'அந்த இரண்டையும்' அப்படியே தூக்கி அலுமினியத்தின் பக்கத்தில் வைக்கிறான். குறியீட்டின் கீழே உள்ள சிறிய எண் குளோரைடின் சொத்து அல்ல. பேரியத்தோடு சேர்ந்தபோது ஏற்பட்ட ஒப்பந்தம். பேரியம் 2+, குளோரைடு 1−, ஆகவே ஒன்றுக்கு இரண்டு. புதிய துணை வந்தால் புதிய ஒப்பந்தம்.

எனவே இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் பழைய குறியீடுகளைக் கையால் மறைத்துவிட்டு நான்கு அயனிகளையும் மின்னூட்டத்தோடு ஒரு தாளில் எழுத வேண்டும்: அலுமினியம் 3+, சல்பேட் 2−, பேரியம் 2+, குளோரைடு 1−. அடுத்துத் துணையை மாற்றி, மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி புதிய குறியீடுகளை எழுத வேண்டும்: பேரியம் சல்பேட்டில் ஒன்றுக்கு ஒன்று, அலுமினியம் குளோரைடில் ஒன்றுக்கு மூன்று. குறியீடுகள் சரியான பிறகுதான் முன்னால் எண் போட்டுச் சமன் செய்யலாம். ஒரு அலுமினியம் சல்பேட்டுக்கு மூன்று பேரியம் குளோரைடு. கிடைப்பது மூன்று பேரியம் சல்பேட், இரண்டு அலுமினியம் குளோரைடு. சமன் செய்ய வரவில்லை என்பதற்காகக் கீழே உள்ள சிறிய எண்ணை மாற்றுவது கணக்கு சரியாக வருவதற்கு விலையை மாற்றி எழுதும் கடைக்காரர் வேலை.

சல்பேட்டைச் சல்ஃபராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்து எண்ண வேண்டாம். இரு பக்கமும் அது முழுதாகவே இருப்பதால் 'சல்பேட் மூன்று' என்று எண்ணினால் போதும், பாதி வேலை மிச்சம்.

கணக்கும் பழகட்டும். லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள பேரியம் குளோரைடு 20 மி.லி., அதே செறிவில் அலுமினியம் சல்பேட் 10 மி.லி. எடுத்தால் பேரியம் 0.002 மோல். அலுமினியம் சல்பேட் 0.001 மோல்தான், ஆனால் அதிலிருந்து வரும் சல்பேட் 0.003 மோல். ஆகவே முதலில் தீர்வது பேரியம். வீழ்படிவு 0.002 மோல், மோலுக்கு 233 கிராம் என்று வைத்தால் 0.466 கிராம். 'அலுமினியம் சல்பேட்தான் குறைவு' என்று சட்டென்று முடிவு கட்டுபவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

கேள்வி: அமிலமும் காரமும் சேர்வது இரட்டை இடப்பெயர்ச்சியா? சுண்ணாம்புக்கல்லில் அமிலம் ஊற்றினால் மூன்று பொருள் வருகிறதே, அது எப்படி இரட்டை?
(உயர்நிலை 3 மாணவி, செங்காங்)

பதில்: முதலாவது, ஆமாம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேரும்போது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் தண்ணீராகி விலகுகின்றன. சோடியமும் குளோரைடும் வேடிக்கை பார்க்கின்றன.

இரண்டாவதிலும் துணைகள் மாறவே செய்கின்றன. மாறியதும் கார்பானிக் அமிலம் வர வேண்டும். அது நிலைக்காமல் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைந்துவிடுவதால் வலப்பக்கம் மூன்று பொருள்கள். ஒரு எச்சரிக்கை: இதற்குச் சல்ஃபியூரிக் அமிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் நுரைக்கும், பிறகு கல்லின் மேல் கால்சியம் சல்பேட் பூச்சாகப் படிந்து அமிலம் உள்ளே போகாமல் அடைத்துவிடும். பாதி கல் மிச்சமிருக்க, குமிழி நின்றுபோகும்.

கேள்வி: ஆய்வகத்தில் கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் கலந்து கால்சியம் கார்பனேட் தயாரித்தோம். இரண்டும் லிட்டருக்கு 0.5 மோல், தலா 50 மி.லி. கணக்குப்படி 2.5 கிராம் வர வேண்டும். எனக்கு 3.1 கிராம் வந்தது, என் தோழிக்கு 1.9 கிராம். வடிநீரும் பால்போல் கலங்கியிருந்தது. எங்கே தவறு?
(உயர்நிலை 4 மாணவி, சுவா சூ காங்)

பதில்: கணக்கு சரி: 0.025 மோல், மோலுக்கு 100 கிராம். உங்களுக்கும் தோழிக்கும் வெவ்வேறு இடங்களில் தவறியிருக்கிறது.

கூடுதலாக வந்த 0.6 கிராம் பெரும்பாலும் தண்ணீர். தொட்டால் உலர்ந்ததுபோலத் தெரியும் வீழ்படிவுக்குள் ஈரம் நிறைய இருக்கும். அதிலும் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் மேசையில் வைத்தால் எளிதில் காயாது. வடிதாள்களுக்கு இடையில் ஒற்றி எடுத்த பிறகு, 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து, ஆறவிட்டு நிறுங்கள். திரும்ப அரை மணி நேரம் வைத்து நிறுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை விடக் கூடாது. கால்சியம் கார்பனேட்டுக்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. காப்பர் கார்பனேட் தயாரிக்கும்போது மட்டும் நேரடித் தீயில் காட்டிவிடாதீர்கள். பச்சைப்பொடி கறுத்துக் காப்பர் ஆக்சைடாகிவிடும்.

மிச்சக் காரணம் சரியாகக் கழுவாதது. வடிதாளில் தங்கும் நீரில் சோடியம் குளோரைடு இருக்கிறது. கழுவாமல் உலர்த்தினால் அதுவும் சேர்ந்து எடை காட்டும். வாலையில் வடித்த நீரில் 5 மி.லி. வீதம் மூன்று நான்கு முறை கழுவுங்கள். மொத்தமாக 20 மி.லி. ஒரே முறை ஊற்றுவதைவிட இதுதான் நன்றாகக் கழுவும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் முந்தைய அழுக்கு முழுவதும் வடிந்த பிறகு புதிய நீர் வருகிறது. கடைசியாக வடிந்த சில துளிகளில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். கலங்கினால் இன்னும் குளோரைடு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் இந்தச் சோதனை ஒருநாளும் தெளிவாக வராது. அந்தத் தண்ணீரிலேயே குளோரைடு உண்டு.

வடிநீர் கலங்கியதற்கு அவசரம்தான் காரணம். குளிர்ந்த கரைசல்களைச் சட்டென்று கொட்டிக் கலந்தால் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான நுண்துகள்கள் பிறக்கின்றன, எதுவும் வளர்வதில்லை. அவை வடிதாளின் துளைகள் வழியே நழுவிவிடும். கால்சியம் குளோரைடு கரைசலை இளஞ்சூடாக்கி, கார்பனேட்டைச் சிறுகச் சிறுகக் கலக்கியபடி சேர்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். சின்னத் துகள் கரைந்து பெரிய துகளில் சேர்ந்து கெட்டிப்படும். அப்புறம் வடிகட்டுங்கள். முதலில் வடிந்தது கலங்கலாக இருந்தால் கொட்டிவிடாமல் அதையே மீண்டும் அதே தாளில் ஊற்றலாம்.

தோழிக்குக் குறைந்தது இதனாலும், பீக்கரின் சுவரில் ஒட்டியதை வழித்துக் கழுவி ஊற்றாததாலும் இருக்கும். கழுவும்போது கரைந்து போயிருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டாம். 100 மி.லி. தண்ணீரில் கால்சியம் கார்பனேட் 2 மில்லிகிராம்கூடக் கரையாது.

கேள்வி: குளோரைடு சோதனையில் சில்வர் நைட்ரேட்டுக்கு முன் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்று தெரியும். கைக்குப் பக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்ததால் அதைச் சேர்த்தேன். கொடுத்த மூன்று மாதிரிகளிலும் வெள்ளை வந்துவிட்டது!
(உயர்நிலை 4 மாணவர், ஜூரோங்)

பதில்: வராமல் என்ன செய்யும்? தேடும் குளோரைடை நீங்களே ஊற்றிவிட்டீர்கள். போலீசாரே திருட்டு நகையைப் பையில் போட்டுவிட்டுச் சோதனை போட்ட கதை.

அமிலம் எதற்கு என்று தெரிந்தால் எந்த அமிலம் என்பது மறக்காது. மாதிரியில் கார்பனேட் இருந்தால் அதுவும் சில்வரோடு சேர்ந்து வீழ்படிவு தரும். சில்வர் கார்பனேட் அமிலத்தில் கரையும், சில்வர் குளோரைடு கரையாது. ஆகவே அமிலம் முதலில் கார்பனேட்டை விரட்டிவிடுகிறது. அந்த அமிலம் சில்வரோடு சேர்ந்தாலும் கரையக்கூடிய எதிர் அயனியைத்தான் கொண்டுவர வேண்டும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும் என்று முன்பே பார்த்தோமே, அந்த விதி இங்கே கைகொடுக்கிறது. சல்பேட் சோதனையிலும் இதே காரணத்துக்காகப் பேரியம் நைட்ரேட்டோடு நீர்த்த நைட்ரிக் அமிலம். அங்கே சல்ஃபியூரிக் அமிலம் ஊற்றினால் இதே கதிதான்.

இதோடு இன்னும் இரண்டு. சோடியம் ஹைட்ராக்சைடைச் சோதனைக்குழாயில் மடக்கென்று ஊற்றாதீர்கள். ஜிங்க், அலுமினியம் இரண்டின் ஹைட்ராக்சைடும் வெள்ளையாக வந்து, காரம் மிகையானால் கரைந்துவிடும். ஊற்றிய வேகத்தில் வீழ்படிவு வந்ததும் போனதும் தெரியாமல், 'மாற்றம் இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். குழாயில் மாதிரி 1 செ.மீ. உயரம் போதும். துளித்துளியாக விட்டு, ஆட்டி, பார்த்ததை எழுதி, பிறகு மிகையாகச் சேருங்கள். குழாயை ஆட்டாவிட்டால் காரம் மேலே, மாதிரி கீழே என்று நிற்கும். மிகையாகச் சேர்த்ததாக நினைப்பீர்கள், கீழே ஒன்றும் நடந்திருக்காது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அமோனியா: ஜிங்க் ஹைட்ராக்சைடு மிகை அமோனியாவில் கரையும், அலுமினியம் ஹைட்ராக்சைடு கரையாது. கால்சியம் சோடியம் ஹைட்ராக்சைடில் வெள்ளை தந்து மிகையிலும் கரையாமல் நிற்கும், அமோனியாவில் வீழ்படிவே தராது. இரும்பில் 2+ அயனி தரும் பச்சை வீழ்படிவைச் சற்று நேரம் விட்டால் மேற்பரப்பு பழுப்பாகும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலை, இடப்பெயர்ச்சி அல்ல. வந்தவுடன் பார்த்த நிறத்தை எழுதுங்கள்.

அடுத்தது சொல். 'தெளிவான' கரைசல் வேறு, 'நிறமற்ற' கரைசல் வேறு. காப்பர் சல்பேட் கரைசல் தெளிவானது, ஆனால் நீல நிறம். இரண்டையும் ஒன்றாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

கேள்வி: காணொளியில் மஞ்சள் தூள்போல் வந்த காரீய அயோடைடைச் சூடாக்கினால் மறைந்து, ஆறும்போது தங்கத் துகள்களாகத் திரும்ப வருகிறது. வினை தலைகீழாக நடக்கிறதா?
(உயர்நிலை 2 மாணவி, பொங்கோல்)

பதில்: இல்லை, கரைந்து திரும்பப் படிகமாகிறது, அவ்வளவுதான். காரீய அயோடைடு அறை வெப்பநிலையில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே கரையும். கொதிநீரில் 4 கிராம் அளவுக்குக் கரையும். மெதுவாக ஆறும்போது தட்டையான படிகங்களாக வளர்வதால் ஒளிபட்டு மின்னுகின்றன. வேகமாகக் குளிர வைத்தால் பழையபடி மந்தமான மஞ்சள் தூள்தான். காரீயச் சேர்மங்கள் நஞ்சு, காணொளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆய்வக ரசாயனம் எதுவும் இல்லாமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே செய்து காட்டக்கூடிய இரட்டை இடப்பெயர்ச்சி ஏதாவது உண்டா? சோடாவும் வினிகரும் பார்த்துப் பார்த்து மகனுக்குச் சலித்துவிட்டது.
(ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்)

பதில்: படிகாரமும் சமையல் சோடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படிகாரம் லிட்டில் இந்தியாவில் தேக்காவின் மளிகைக்கடைகளில் கிடைக்கும். வாயு, வீழ்படிவு இரண்டும் ஒரே குவளையில் வரும் என்பதால் வினிகரைவிட இது நல்ல பாடம்.

படிகாரத்தைப் பொடித்து 4.7 கிராம் நிறுத்து, 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கலக்குங்கள். முழுதாகக் கரைந்து தெளியட்டும், பிறகு ஆறட்டும். இன்னொரு குவளையில் 2.5 கிராம் சோடாவை 50 மி.லி. சாதாரண நீரில் கரையுங்கள். சோடாவுக்குச் சூடான நீர் வேண்டாம். சூட்டில் அது கார்பன் டை ஆக்சைடை முன்கூட்டியே இழந்துவிடும். இப்போது சோடாக் கரைசலைப் படிகாரத்தில் ஒரு கரண்டி, ஒரு கரண்டியாகச் சேருங்கள். அரை லிட்டராவது கொள்ளும் குவளை இருக்கட்டும், நுரை எழும்பும். நுரை அடங்கியதும் கஞ்சித் தெளிவுபோல வெள்ளைக் கூழ் மிதந்து மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். அது அலுமினியம் ஹைட்ராக்சைடு.

அளவு ஏன் அப்படி? 4.7 கிராம் படிகாரத்தில் அலுமினியம் 0.01 மோல். அதன் மின்னூட்டம் 3+ ஆதலால் சோடாவிலுள்ள ஹைட்ரஜன் கார்பனேட் 0.03 மோல் வேண்டும், அது 2.5 கிராம். துணை மாறினால் அலுமினியம் ஹைட்ரஜன் கார்பனேட் வர வேண்டும், அது நிலைக்காது. உடனே ஹைட்ராக்சைடாகவும் வாயுவாகவும் பிரிகிறது. கூழ் உலர்ந்தால் 0.8 கிராம்கூடத் தேறாது, ஆனால் நீரை உறிஞ்சி ஊதியிருப்பதால் குவளையில் பாதி அளவு தெரியும். வாயு 0.72 லிட்டர், அதில் கொஞ்சம் நீரிலேயே கரைந்துவிடும். ஊரில் கலங்கிய தண்ணீரில் படிகாரத்தைச் சுழற்றித் தெளிய வைப்பார்களே, அங்கேயும் இதே கூழ்தான் மண்துகள்களை அணைத்துக்கொண்டு அடியில் போகிறது. அந்த நீரில் இயற்கையாகவே இருக்கும் ஹைட்ரஜன் கார்பனேட் சோடாவின் வேலையைச் செய்கிறது.

வராமல் போனால் முதலில் டப்பாவைப் பாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு, சமையல் சோடா வேறு. பேக்கிங் பவுடரில் மாவுப்பொருளும் அமில உப்பும் கலந்திருக்கும். தண்ணீரில் போட்டாலே கலங்கி நுரைத்துவிடும், அப்புறம் எது வீழ்படிவு என்று யாருக்கும் தெரியாது. படிகாரம் முழுதாகக் கரையாமல் தொடங்கினாலும் இதே குழப்பம்.

நேரமிருந்தால் இன்னொன்று. குளியல் சோப்பைச் சீவி ஒரு கிராம் எடுத்து 100 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, இரண்டு போத்தல்களில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், கால் தேக்கரண்டி போட்டு இரண்டையும் குலுக்குங்கள். உப்புப் போடாததில் நுரை ததும்பும், போட்டதில் நுரை இல்லாமல் வெள்ளைத் திப்பி மிதக்கும். சோப்பின் கொழுப்பு அமில அயனி சோடியத்தை விட்டு மக்னீசியத்தோடு சேர்ந்து கரையாமல் போய்விட்டது. திரவ சோப்புகளில் பெரும்பாலும் இது பலிக்காது. அவற்றில் இருப்பது மக்னீசியத்தோடு வீழ்படியாத வேறு வகைப் பொருள். வில்லையின் உறையில் சோடியம் பாமேட் அல்லது சோடியம் டாலோவேட் என்று இருந்தால் சரியான சோப்பு.

படிகாரச் சோதனையை மூடி திருகிய போத்தலில் செய்ய வேண்டாம், வாயு போக வழியின்றி வெடிக்கும். குளியலறைப் பிளீச்சை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. வினிகரோடோ வேறு அமிலத்தோடோ சேர்ந்தால் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். முடிந்ததும் கூழை நிறைய தண்ணீரோடு தொட்டியில் ஊற்றிவிடலாம். குவளையில் ஒட்டிய வெண்படலம் காய்வதற்குள் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் வினிகரில் ஊற வைக்க வேண்டியிருக்கும்.